பூட்டிய வீட்டில் குடியிருந்தவள்

சம்மந்தம் நல்ல மனுஷர்தான். சாவதற்கு மட்டும் நாள் பார்க்காமல் விட்டுவிட்டார். மார்கழிக் குளிரில் சில நாள் காய்ச்சலாகக் கிடந்து, அவிட்ட நட்சத்திரத்தில் கண்ணை மூடினார். பஞ்சாங்கம் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கியதும், அதுவரை அப்பாவுக்காக அழுதுகொண்டிருந்த தையலம்மாள் வீட்டுக்காகவும் சேர்த்து அழ ஆரம்பித்தாள்.

அவிட்டத்தில் உயிர் போனால் அடைப்பு. செத்தவர் போக மனசில்லாமல் ஆறு மாதம் அந்த வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பாராம். போகும்போது தனியாகப் போகாமல் ரத்த உறவில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகப் பார்ப்பாராம். அதனால் பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும். பிறகு வீட்டைப் பூட்டி, வாசலில் முள்ளை வெட்டிப் போட்டு, ஆறு மாதம் முடியும் வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. உயிரோடு இருந்தபோது பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குப் போகவே சோம்பல்பட்ட மனுஷர், செத்த பிறகு ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்புவார் என்பதைத் தையலம்மாளால் முழுசாக நம்பவும் முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் தைரியம் வரவில்லை.

தம்பி செல்லப்பன் கடப்பாரையை எடுத்துப் பின்சுவரை இடித்தான். ஊரே கூடி நின்று பார்த்தது. அந்தச் சுவர் தங்களுடையது இல்லை என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. தையலம்மாளுக்கு மட்டும் வந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு அதை எப்படிப் பேசுவது என்று வாயை மூடிக்கொண்டாள்.

வீடு கொம்யூனுடையது, அதாவது ஊர் நிர்வாகத்துடையது. புதுச்சேரியைச் சேர்ந்த கிருமாம்பாக்கத்தில், கடலூர் ரோட்டை ஒட்டி, பிரெஞ்சுக்காரன் காலத்தில் வரிசையாக நாலு ஓட்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். கொம்யூன் ஆபீசை ஜனங்கள் மேரி என்பார்கள். சம்மந்தம் மேரிக்குச் சாலை வேலை பார்த்தவர். உடம்பு தளர்ந்து வேலை நின்ற பிறகும் வாடகையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். ஒரே அறை, முன்னால் கொஞ்சம் வாசல், பின்னால் கிணற்றடி. அந்தக் கிணற்றடியை ஒட்டி அவரே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, மகளுக்குப் பொரி வறுக்க அடுப்பு கட்டிக் கொடுத்திருந்தார்.

தையலம்மாளைப் பூரணாங்குப்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. திரும்பி வந்தபோது அம்மாவும் இல்லை. சின்னப் பையனாக இருந்த செல்லப்பனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பொரி வறுக்கக் கற்றுக்கொண்டவள் அவள். பொரிக்கு விற்பனை எங்கே என்றால் சாராயக்கடையில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெட்ராஸ் ராஜ்ஜியத்தில் மதுவிலக்கு. கடலூர்க்காரர்கள் தாகத்தோடு பஸ் ஏறி இந்தப் பக்கம் வருவார்கள். வந்தவன் வெறும் வாயோடு குடிப்பானா? சாராயக்கடை எதிரிலேயே வீடு. கூடையை வெளியே தூக்கி வைத்தால் போதும், வியாபாரம். அந்த வீட்டை விட்டு அரை மைல் தள்ளிப் போனால்கூட அவள் பொரி நமுத்த பொரிதான்.

கருமாதி முடிந்தது. இடித்த சுவரைச் சுடாத பச்சைக் கல் வைத்து அடைத்தார்கள். கதவைப் பூட்டி முள்ளைப் போட்டுவிட்டு, செல்லப்பன் அக்காவைச் சோரியாங்குப்பத்துக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவன் பெண்டாட்டி அமிர்தம் ஏழு மாசக் கர்ப்பம். ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போன வயிறு. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று அவள் நடக்கும்போதுகூடத் தரையைப் பார்த்துப் பார்த்து அடி வைத்தாள். தையலம்மாளுக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா யாரைக் கூட்டிப் போவார் என்ற எண்ணம்தான் வந்தது. வந்ததும் தன் தலையில் தானே குட்டிக்கொள்வாள்.

அந்த வீடும் ஒரே அறைதான். தையலம்மாளுக்கு அடுப்புப் பக்கத்தில் பாய். அமிர்தம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசினதில்லை. ஆனால் இவள் துடைப்பத்தை எடுத்தால், "நீங்க இருங்க அண்ணி" என்று வாங்கிக்கொள்வாள். தண்ணீர்க் குடத்தை எடுத்தால் அதையும் வாங்கிக்கொள்வாள். ஏழு மாசக்காரி குடம் தூக்க, இவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை செய்தே வளர்ந்த உடம்புக்கு அதைவிடத் தண்டனை வேறு இல்லை. அடைப்புப் பட்டவள் கை தன் வீட்டுச் சாமானில் படக் கூடாது என்று அமிர்தம் பயப்படுகிறாள் என்று தையலம்மாள் நினைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லவும் தோன்றவில்லை.

தை பிறந்ததும் வீட்டைத் தன் பேருக்கு மாற்றச் சொல்ல மேரிக்குப் போனாள். அங்கே குமாஸ்தா சுப்பராயலு. புதுச்சேரி டவுன்காரர், கண்ணாடியும் குடையுமாக இருப்பவர். வாடகைக்காரர் செத்தால், அவரோடு குடியிருந்தவர்கள் பேருக்கு மாற்றிக் கொடுப்பது உண்டு என்று அவர் சொன்னதும் இவளுக்கு உயிர் வந்தது. மகனா மகளா என்பதெல்லாம் கணக்கில்லையாம். அப்போது கூட இருந்தாயா, இப்போதும் இருக்கிறாயா, அவ்வளவுதான் கேள்வியாம். வீடு பூட்டிக் கிடந்தால் மேரிக்குத் திரும்பிவிடும். கேட்டு வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். மாசி பிறந்ததும் அவரே நேரில் வந்து பார்ப்பாராம்.

"அடைப்பு வூடுங்க ஐயா. ஆனி வரைக்கும் தொறக்கக் கூடாது" என்றாள் தையலம்மாள்.

சுப்பராயலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும்மா. எங்க பெரியப்பா செத்தப்ப நாங்களும்தான் பூட்னோம். அது சொந்த வூடு."

இது பிரெஞ்சுச் சட்டமா, இந்தியாச் சட்டமா என்று அவள் கேட்டுப் பார்த்தாள். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்றாவது வருஷம். எதைக் கேட்டாலும் மக்கள் அந்தக் கேள்வியையும் கேட்டு வைத்த காலம். எந்தச் சட்டம் என்பது மேலேயே இன்னும் தீரவில்லை என்றார் சுப்பராயலு. வீட்டைப் பார்க்க வருவது மட்டும் தீர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேறு போக்கிடம் உண்டா என்று கால் தேயத் தேடினாள். முதலில் பூரணாங்குப்பம் போனாள். புருஷனின் அண்ணன் வீட்டில் மீன் குழம்பு ஊற்றி நன்றாகச் சாப்பாடு போட்டார்கள். கை கழுவும் முன்னே கடலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். அப்புறம் கிருமாம்பாக்கத்திலேயே ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரைச் சொல்தா என்பார்கள். அவர் வீட்டுப் பின்கட்டு அறை காலியாக இருந்தது. வாடகை பேசி முடிக்கும் நேரத்தில் அப்பா எந்த நட்சத்திரத்தில் போனார் என்று கேட்டார். அவிட்டம் என்றாள். உலகமெல்லாம் போய்ச் சண்டை போட்ட மனுஷருக்கு அந்த அறையை ஏற்கெனவே யாருக்கோ சொல்லிவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மிச்சம் ஏரிக்கரைப் புறம்போக்கு. அங்கே ஒரு குடிசை போடலாம். ஐப்பசியில் தண்ணீர் வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விடும். தனியாக ஒரு பொம்பளை அங்கே கிடக்கவும் முடியாது.

கடைசியில் பூட்டின வீட்டுக்கே வந்தாள். முன்வாசல் பக்கம் போகவில்லை. சந்து வழியாகப் பின்னால் வந்து, கொட்டகையில் பாயை விரித்து, பொரி அடுப்பை மூட்டினாள். முள்ளையும் எடுக்கவில்லை, பூட்டையும் தொடவில்லை; அடைப்பும் கெடவில்லை, குடியிருப்பதும் குடியிருப்பதுதான் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அடுத்த வீட்டு ரோசம்மாள் வேதக்காரி. இந்த அடைப்பெல்லாம் அவளுக்குக் கிடையாது. ஆனாலும் சுவர் ஒரே சுவர் என்பதால் அவளும் உள்ளுக்குள் கொஞ்சம் பயந்துதான் இருந்தாள். மாதாவுக்கு ஏற்றும் மெழுகுவர்த்தியை அந்தச் சுவரோரமாகத் தள்ளி வைத்துக்கொண்டதாக அவளே சொன்னாள்.

மாசி பிறப்பதற்கு முந்தின நாள் செல்லப்பன் வந்தான். குமாஸ்தா வரப்போகிற சேதி சோரியாங்குப்பம் வரைக்கும் போயிருந்தது. அக்கா கொட்டகையில் கிடப்பது அவனுக்கு அவமானம். அதைவிடப் பெரிய கவலை, அவள் எங்கே கதவைத் திறந்துவிடுவாளோ என்பது.

"கதவ மட்டும் தொறந்துடாதக்கா. தொறந்தா எம் புள்ள தங்காது."

"நான் தூக்கி வளத்தவன்டா நீ. ஒம் புள்ளைக்கு நான் கெட்டது நெனைப்பனா?"

"நீ நெனைக்க மாட்ட. அப்பா சும்மா இருக்கணுமே. வூடு போனா போவுது, வுடு. எங்கூட வந்து இரு."

எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். சாகிற வரைக்கும் என்று அவன் மனசாரச் சொன்னான். அதில் பொய் இல்லை. அந்த வார்த்தை அவளுக்கு அடைப்பைவிடப் பயமாக இருந்தது. அடுப்போரப் பாயும், கையிலிருந்து பிடுங்கப்படும் துடைப்பமும், சாகிற வரைக்கும். அவனிடம் அதைச் சொல்ல முடியுமா? சரி என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், ஒரு துணியில் பொரி கட்டிக் கொடுத்து அமிர்தத்துக்குக் கொடு என்று அனுப்பினாள். போகிற வழியில் அவன் அந்த மூட்டையை ரோசம்மாள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அடைப்பு வீட்டுப் பொரி. அதைப் பார்த்தபோது தையலம்மாளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

சுப்பராயலு சொன்னபடி வந்தார். சைக்கிளைச் சாராயக்கடை ஓரம் நிறுத்திவிட்டு முன்வாசலுக்கு வந்து, முள்ளைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். தையலம்மாள் ஓடிப்போய்ப் பின்பக்கம் கூட்டி வந்தாள். எரிகிற அடுப்பையும், பாயையும், கொடியில் காயும் புடவையையும் காட்டி, இங்கேதான் குடியிருக்கிறேன் என்றாள்.

"இந்தக் கொட்டகை மேரி கட்டினது இல்லியேம்மா."

"எங்க அப்பா போட்டதுங்க."

"அப்ப இது வூட்ல சேராது."

பச்சைக் கல் வைத்து அடைத்த பின்சுவரை அவர் நின்று பார்த்தார். பழைய சுண்ணாம்புச் சுவரில் அந்த ஒட்டு வீங்கின முகம்போல் தெரிந்தது. இடித்ததற்கு வேறு கேஸ் போடுவார்களோ என்று இவள் பயந்தாள். அவரோ குடையை மடக்கிக்கொண்டு, "நீ குடியிருக்கறது எங்க, அத மட்டும் காட்டு" என்றார். நல்ல மனுஷர்தான். காத்துக்கொண்டு நின்றார். அதுதான் கொடுமை, கத்தியிருந்தால் இவளும் கத்திவிட்டு வீட்டை விட்டிருப்பாள்.

தையலம்மாள் முன்வாசலுக்குப் போனாள். ரோசம்மாள் தன் வாசலில் நின்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். சாராயக்கடையில் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். முள்ளை வெறுங்கையாலேயே இழுத்துப் போட்டாள். கை கிழிந்தது தெரியவில்லை. பூட்டில் சாவியை நுழைத்தாள். குனிந்துகொண்டு, வேறு யாருக்கும் கேட்காமல், "அப்பா, யாரையாச்சும் கூட்டினு போவணும்னா என்னக் கூட்டினு போ. அந்தப் பொண்ணத் தொடாத" என்றாள். சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே புழுதியும் எலிப் புழுக்கையும்தான் இருந்தன. குடியிருப்பதை எப்படிக் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தீ மூட்டி, கஞ்சிக்கு உலை வைத்தாள். புகை கூரைக்கு ஏறுவதைச் சுப்பராயலு வாசலில் நின்றபடியே பார்த்தார். வாசல்படியைத் தாண்டி அவர் வரவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே. போதும்மா என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் வீடு அவள் பேருக்கு மாறிவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். சந்தோஷப்பட வேண்டிய சேதி. அவளுக்கோ, விலை பேசின சாமான் கைக்கு வந்துவிட்டது, விலை என்ன என்பதுதான் இன்னும் சொல்லப்படவில்லை என்று தோன்றியது. தலைவலி வந்தால் சந்தோஷப்பட்டாள்: அப்பா தன்னைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறார். மறுநாள் தலைவலி விட்டுவிட்டால் பயம் பிடித்துக்கொள்ளும். பொரி கருகியது, மணலைச் சலிக்காமலே கூடையில் கொட்டினாள், குடிகாரர்கள் பல்லில் மணல் கடிபட்டுத் திட்டினார்கள்.

செல்லப்பன் வருவதை நிறுத்திவிட்டான். சோரியாங்குப்பத்துக்குப் போய்ப் பார்க்க அவளுக்குக் கால் வரவில்லை. போய், தன் காலோடு எதையாவது கொண்டுபோய்விட்டால்? அந்த ஊர் ஆள் யாராவது சாராயக்கடைக்கு வந்தால் அவன் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். வாய் திறந்து கேட்க மாட்டாள். கேட்காத வரைக்கும் எதுவும் நடக்கவில்லை.

பங்குனியில் ஒரு வண்டிக்காரன் பொரி வாங்க வந்தான். செல்லப்பன் பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுக் கடலையும் கொஞ்சம் போடச் சொன்னான். தையலம்மாளுக்குப் படியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது. கடலை எங்கே என்று அவன்தான் எரிச்சலோடு கேட்டான். பிறகு, "பொண்ணு. தாயும் புள்ளயும் நல்லாத்தான் இருக்குது. நீ இன்னா இப்டி நிக்கற?" என்றான். அவன் துண்டு வழிகிற வரைக்கும் பொரியைக் கொட்டினாள். காசு வாங்க மறந்துவிட்டாள். அவனும் ஞாபகப்படுத்தவில்லை.

பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள்; அத்தையைக் கூப்பிடவில்லை. அத்தை இல்லாமல் எப்படித் தொட்டிலில் போட்டார்களோ. அது அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனாலும் பிள்ளை பிழைத்திருக்கிறது என்ற நினைப்பில் அந்த வலியை ஓரமாக வைத்துக்கொண்டாள். ஆனி வரட்டும், அடைப்பு முடியட்டும், பிறகு தானே போய்த் தம்பி காலில் விழுந்தாலும் விழலாம் என்று இருந்தாள்.

ஆனி வருவதற்குள், சித்திரை வெயிலில், அமிர்தம் வந்தாள். கைக்குழந்தையைத் துணியால் மூடிக்கொண்டு பஸ்சிலிருந்து இறங்கி நேரே வாசலுக்கு வந்தாள். தையலம்மாள் பதறிப்போய் எழுந்து, உள்ளே வராதே, இன்னும் நாள் முடியவில்லை, ரோசம்மாள் வீட்டில் உட்கார் என்று கையை விரித்துத் தடுத்தாள். அமிர்தம் அந்தக் கைக்கு அடியிலேயே குனிந்து உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவருக்குத் தெரியாமல் வந்திருக்கிறேன் என்றாள். குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, நிமிராமல், பஸ்சில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுபோல் பேசினாள்.

"அண்ணி, அவருதான் அடைப்புக்குப் பயந்தாரு. நான் அதுக்குப் பயப்படல. நீங்க இந்த வூட்ட வுட்டுட்டு எங்க வூட்டோட வந்துடுவீங்களோன்னுதான் பயந்தேன். நீங்க கதவத் தொறந்துட்டீங்கன்னு சேதி வந்த அன்னிக்கித்தான் எனக்குத் தூக்கமே வந்துது. அப்புறம் அதுக்கே மனசு அறுத்துது."

தையலம்மாளுக்கு முகம் சுட்டது. இந்த மூன்று மாதமாக யாருக்காகத் தன் உயிரைத் தர அப்பாவிடம் பேரம் பேசினாளோ, அவளே எதிரில் உட்கார்ந்துகொண்டு, நீ வராதது எனக்கு நிம்மதி என்கிறாள். எழுந்து போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொந்த வீடு இல்லாவிட்டாலும் சொந்தப் பேரில் உள்ள வீடு; சொல்லவும் உரிமை இருந்தது. அமிர்தம் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அந்த உச்சி வகிட்டைப் பார்த்துக்கொண்டே இருந்த தையலம்மாள், தான் சொல்லப்போவது இன்னதென்று தெரியாமலே சொன்னாள்.

"நானும் அதுக்குத்தான்டி பயந்தேன்."

அமிர்தம் நிமிர்ந்து பார்த்தாள். குழந்தையைத் தூக்கி அத்தை மடியில் போட்டாள்.